வரைபடத்தில் சிக்னல் இருக்கிறது, வீட்டில் இல்லை: ரீஜனல் ஆஸ்திரேலியாவில் போன், இன்டர்நெட் புகார்கள்

#1 திராட்சைத்தோட்டம் | கிரிஃபித், நியூ சவுத் வேல்ஸ்

வணக்கம். சிட்னி, மெல்பர்ன் மாதிரி பெருநகரங்களுக்கு வெளியே குடியிருப்பவர்களின் அனுபவம் எனக்கு அவசரமாக வேண்டும்.

பெருநகரங்களுக்கு வெளியே இருப்பதற்கான 491 விசாவில் குடும்பத்தோடு ரிவரினா பக்கம் இருக்கிறேன். வேலை கிரிஃபித்தில். ஊருக்குள் வாடகைக்கு வீடு கிடைக்காததால் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி ஒரு பண்ணை வீட்டில் குடியிருக்கிறோம். 2024 அக்டோபர் 28 அன்று 3ஜியை நிறுத்தினார்கள். அதுவரை வீட்டுக்குள் எங்கே நின்றும் பேச முடிந்தது. அதற்கப்புறம் சமையலறை ஜன்னல் ஓரம் மட்டும் ஒரு கோடு வருகிறது. அங்கேயும் பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆகிவிடுகிறது.

போன் கம்பெனியில் கேட்டால், "உங்கள் முகவரி 4ஜி கவரேஜுக்குள்தான் இருக்கிறது, உங்கள் போன் பழசு" என்றார்கள். அவர்கள் சொன்ன போனையே அவர்களிடமே 24 மாதத் தவணையில் எடுத்தேன். எந்த மாற்றமும் இல்லை. மறுபடி கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுக்கிறார், முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது, போனை அணைத்துப் போடச் சொல்கிறார். கடைசியில் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ் வந்தது. தீர்ந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டு இன்டர்நெட் என்பிஎன் (தேசிய பிராட்பேண்ட் நெட்வொர்க்) ஃபிக்ஸட் வயர்லெஸ், அதாவது டவரிலிருந்து கூரைப் பெட்டிக்கு வருவது. பகலில் பரவாயில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வீடியோ கால் அப்படியே நின்றுவிடுகிறது.

மனைவிக்கு இது ஏழாவது மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் எங்களுக்குக் கேட்க வேண்டும். ராத்திரியில் ஏதாவது என்றால் நாங்கள் கூப்பிட முடிய வேண்டும். ஒப்பந்தத்திலிருந்து வெளியே வர முடியுமா, போன் தவணை என்ன ஆகும், யாரிடம் புகார் கொடுத்தால் நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஸ்வான்_ஆறு | பெர்த்

தம்பி, புகார் எழுதிக்கொண்டு மாதக்கணக்கில் அலையாதீர்கள். ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ் ஒன்று வாங்கி மாட்டுங்கள், டவர் இல்லாமல் வைஃபை வழியாகப் பேச போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். அன்றைக்கே வீட்டுக்குள் பேசலாம்.

டவர் இல்லாததற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. இந்த நாடு 77 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் இருக்கிற மக்கள் தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. பத்து வீட்டுக்கு ஒரு டவர் என்று கட்டினால் எந்தக் கம்பெனிக்கும் போட்ட காசு வராது.

#3 வெளிநோயாளி_அக்கா | நியூ சவுத் வேல்ஸ் மேற்கு

அண்ணா, வைஃபை காலிங் நல்ல யோசனைதான், தம்பி இன்றைக்கே அதைச் செய்யட்டும். ஆனால் "வாங்கி மாட்டுங்கள்" என்பதோடு முடியவில்லை. கரண்ட் போனால் டிஷ்ஷும் போகும், ரவுட்டரும் போகும். கோடையில் புயல் அடித்தால் இந்தப் பக்கம் கரண்ட் போவது சாதாரணம். வீட்டு வாசலைத் தாண்டி ஐம்பது அடி போனால் வைஃபையும் இல்லை. தோட்டத்தில் பாம்பு கடித்தால் எங்கிருந்து கூப்பிடுவது?

நான் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டெலிஹெல்த் என்று பெரிய ஊர் டாக்டரோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்கிறோம். நோயாளி தன் வீட்டிலிருந்து பேச வேண்டும் என்றால் பாதிப் பேருக்குப் படமே வராது. கடைசியில் குரலை மட்டும் கேட்டு மருந்து சொல்கிற நிலைமை. இரட்டைக் கட்டணம் வேறு கட்டுகிறார்கள். வேலை செய்யாத மொபைலுக்கு ஒன்று, அதை ஈடுகட்ட வாங்கிய சாட்டிலைட்டுக்கு ஒன்று. நகரத்தில் யாரையாவது இப்படிக் கட்டச் சொல்வார்களா?

தம்பி, ஆஸ்பத்திரி விஷயத்துக்குத் தனியாக எழுதுகிறேன், ட்யூட்டி முடியட்டும்.

#4 டவர்_இறங்கியவன் | பெண்டிகோ, விக்டோரியா

பல வருஷம் டவர்களில் ரேடியோ வேலை பார்த்தவன் என்பதால், அந்த வரைபடம் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். புகார் எழுத இது உதவும்.

கவரேஜ் வரைபடம் என்பது ஒவ்வொரு வீட்டிலும் போய் அளந்தது இல்லை. டவர் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம், நடுவில் குன்று இருக்கிறதா என்பதையெல்லாம் கணினியில் போட்டுக் கணித்த மதிப்பீடு. அது பெரும்பாலும் திறந்த வெளியில் நிற்கிறவனுக்கானது. வீட்டுக்குள் போனதும் கணக்கு மாறிவிடும். பண்ணை வீடுகளில் தகரக் கூரை, தகரச் சுவர், சில வீடுகளில் கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்க அலுமினியத் தாள். இது மூன்றும் சேர்ந்தால் வெளியே இரண்டு கோடு இருக்கிற இடத்தில் உள்ளே ஒன்றும் வராது.

இன்னொரு விஷயம், வரைபடத்தில் வெளி ஆன்டெனா வைத்தால் கிடைக்கும் பகுதி என்று ஒன்று உண்டு. இங்கே பெரிய போன் கம்பெனியான டெல்ஸ்ட்ரா தன் நெட்வொர்க் 30 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்துவந்தது. 2025 மே மாதம் வோடஃபோன் அதை வெளிப்படையாகக் கேள்வி கேட்டது. அந்தப் பரப்பு வெளி ஆன்டெனாவை வைத்துக் கணக்கிட்டது, கையில் போனை மட்டும் வைத்திருப்பவனுக்கு அதில் 10 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை கிடைக்காது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. போட்டிக் கம்பெனி சொல்வது என்று தள்ளிவிடலாம். ஆனால் காரில் நீளமான ஆன்டெனா வைக்காமல் அந்தப் பக்கமெல்லாம் போனவர்களுக்கு இது பல வருஷமாகத் தெரிந்த விஷயம்.

"மக்களில் 99 சதவீதத்துக்கு மேல் கவரேஜ்" என்கிறார்கள். அது மக்கள் தொகைக் கணக்கு. மக்கள் தூங்குகிற இடத்தை வைத்து எண்ணுகிறார்கள். அவர்கள் வண்டி ஓட்டுகிற ரோடும் வேலை செய்கிற வயலும் அந்த எண்ணுக்குள் வராது. நிலப்பரப்பாகப் பார்த்தால் நாட்டின் பாதிக்கு மேல் எந்தக் கம்பெனியும் இல்லை.

3ஜி பற்றி: டெல்ஸ்ட்ராவின் 3ஜி 850 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, வெகுதூரம் போகும். 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது, அதுவும் தூரம் போகும், அதனால் கணக்குப்படி இழப்பு இருக்கக் கூடாது. நடைமுறையில் சிக்னல் ஓரத்தில் இருந்தவர்கள்தான் அடிபட்டார்கள். 4ஜியில் குரலும் டேட்டாவாகத்தான் போகிறது, அதற்கு உங்கள் போன் அந்த நெட்வொர்க்கில் வோல்ட்இ (4ஜி வழிக் குரல் அழைப்பு) செய்யும் மாடலாக இருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த சில போன்கள் செய்யாது. திராட்சைத்தோட்டம் தம்பிக்கு அந்தச் சந்தேகம் இல்லை, கம்பெனியே கொடுத்த போன்.

விலை குறைந்த சிம் வைத்திருக்கிற எல்லாரும் ஒன்றைப் பாருங்கள். டெல்ஸ்ட்ரா டவரை வாடகைக்கு எடுத்து விற்கும் சின்னக் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்கு முழு நெட்வொர்க் கிடையாது. ஹோல்சேல் நெட்வொர்க் என்று சுருக்கிய ஒன்றுதான். பூஸ்ட் என்ற கம்பெனி மட்டும் முழுதும் பயன்படுத்துகிறது. நகரத்தில் வித்தியாசமே தெரியாது, ஹே, பால்ரனால்ட் என்ற ஊர்கள் பக்கம் போனால் தெரியும்.

#5 லொறிக்காரன்_72 | அடிலெய்ட்

ஓம், அண்ணை சொல்வது முழுக்கச் சரி. நான் அடிலெய்டில் இருந்து சிட்னிக்கும் பெர்த்துக்கும் லொறி ஓடுகிறேன். ஸ்டர்ட் ஹைவேயில் ஊர் கடந்து கொஞ்ச நேரத்திலேயே போன் செத்துப்போகும். நல்லர்பர் பக்கம் கேட்கவே வேண்டாம். ரோட்ஹவுஸ் வந்தால்தான் வீட்டோடு கதைக்கலாம்.

எங்களிடம் யுஎச்எஃப் ரேடியோ இருக்கிறது, 40ஆம் சேனலில் முன்னால் போகிற லொறிக்காரரோடு கதைப்போம். கங்காரு நிற்கிறது, விபத்து நடந்திருக்கிறது என்றெல்லாம் அதில்தான் தெரியவரும். அது சில கிலோமீட்டருக்குத்தான் காணும். ஒருமுறை ஒரு குடும்பத்தின் கார் ரோட்டை விட்டு இறங்கிக் கிடந்தது. அவர்களிடம் இருந்த சிம்முக்கு அங்கே ஒன்றுமில்லை. என்னுடையதற்கு இருந்தது. அதே இடம், அதே நேரம். ஒரு கம்பெனியின் டவர் நிற்கிற இடத்தில் மற்றக் கம்பெனி ஆட்கள் ஏன் வெறுங்கையோடு நிற்க வேணும்? இதை யாராவது எனக்கு விளங்கப்படுத்துங்கோ.

#6 டவர்_இறங்கியவன் | பெண்டிகோ

அண்ணா, அவசர எண்ணான டிரிபிள் ஜீரோ மட்டும் அப்படியில்லை. எந்தக் கம்பெனி டவர் இருந்தாலும் 000 அழைப்பு அதன் வழியாகப் போக வேண்டும். சாதாரண அழைப்புக்குத்தான் இந்தச் சுவர்.

உள்நாட்டு ரோமிங்கை, அதாவது ஒரு கம்பெனி ஆள் மற்றக் கம்பெனி டவரில் பேசுவதை, கட்டாயமாக்கலாமா என்று போட்டி ஆணையமான ஏசிசிசி 1998, 2005, 2017 என மூன்று முறை விசாரித்து, மூன்று முறையும் வேண்டாம் என்றது. கட்டாயமாக்கினால் புது இடங்களில் டவர் கட்ட யாரும் முன்வர மாட்டார்கள் என்பது முக்கியமான வாதம். எனக்கு அது முழுசாக ஏற்பில்லை. நெடுஞ்சாலையில் ஒரே ஒரு டவர் இருக்கிற இடத்தில் இரண்டாவது டவர் இன்றைக்கும் வரவில்லை, இனிமேலும் வராது. அங்கே என்ன போட்டியைப் பாதுகாக்கிறோம்?

ஆப்டஸும் வோடஃபோனை நடத்தும் டிபிஜியும் 2025 ஜனவரியிலிருந்து ரீஜனல் பகுதிகளில் நெட்வொர்க்கைப் பகிர்ந்துகொள்கின்றன. வோடஃபோனின் பரப்பு ஒரே அடியில் சுமார் 4 லட்சத்திலிருந்து 10 லட்சம் சதுர கிலோமீட்டராக ஆகிவிட்டது. புதிதாக டவர் கட்டாமலே ஆனது. தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை என்பதற்கு இதுவே போதும்.

#7 ஸ்வான்_ஆறு | பெர்த்

பகிர்வு அவர்களாகச் செய்துகொண்டது, அரசு அடித்துச் செய்ய வைத்தது இல்லை. 2022 டிசம்பரில் டெல்ஸ்ட்ராவும் டிபிஜியும் இதே மாதிரி பகிர வந்தபோது ஏசிசிசியே தடுத்தது, ஞாபகம் இருக்கட்டும். டெல்ஸ்ட்ரா இன்னும் பெரிதாகிவிடும் என்ற பயம். அப்படியானால் எதைச் செய்தாலும் ஒரு பக்கம் அடிதான்.

அரசும் சும்மா இல்லை. மொபைல் பிளாக் ஸ்பாட் திட்டத்தில் பத்து வருஷமாகப் பணம் கொடுத்து ஆயிரத்துக்கும் மேல் டவர் கட்ட வைத்திருக்கிறார்கள்.

#8 லொறிக்காரன்_72 | அடிலெய்ட்

தம்பி, அரசுக் காசில் எழும்பின டவரிலும் அநேகமான இடங்களில் ஒரு கம்பெனிதானே நிற்கிறது. வரி எல்லாரும் கட்டினோம். சிக்னல் ஒரு கம்பெனி ஆட்களுக்கு மட்டும். அதுதான் என் கேள்வி.

#9 வரவுசெலவு_தோழி | டவுன்ஸ்வில், குயின்ஸ்லாந்து

டவர் விவாதம் தொடரட்டும், நான் முதல் பதிவுக்கு வருகிறேன். கடன், பில் சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும் இலவச ஆலோசகராக வேலை செய்கிறேன். மொபைல் பில் விவகாரம் வாராவாரம் வரும்.

தம்பி, நீங்கள் இதுவரை செய்தது கம்பெனியின் கணக்கில் "டெக்னிக்கல் சப்போர்ட் அழைப்பு" என்று பதிவாகியிருக்க வாய்ப்பு அதிகம். புகார் என்று பதிவாகவில்லை. அதனால்தான் தாங்களாகவே மூடிவிடுகிறார்கள். போனில் வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். அவர்கள் இணையதளத்தில் புகார்ப் படிவம் இருக்கும். முதல் வரியிலேயே "இது ஒரு புகார்" என்று எழுதி, புகார் எண் கேளுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த படி ஏறுவது கஷ்டம்.

சிக்னல் சரியில்லை என்று மட்டும் எழுதினால் இன்னொரு முறை போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். இந்த முகவரியில் 4ஜி கவரேஜ் உண்டு என்று சொல்லி விற்றீர்கள், அதை நம்பித்தான் தவணையில் போன் எடுத்தேன், சேவை கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். சொன்ன வாக்கும் கொடுத்த சேவையும் பொருந்தவில்லை என்றால் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கூடவே என்ன வேண்டும் என்றும் தெளிவாகக் கேளுங்கள்: வெளியேறும் கட்டணம் இல்லாமல் ஒப்பந்தம் முடிய வேண்டும், போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு மீதித் தவணையை ரத்து செய்ய வேண்டும், 3ஜி நின்ற பிறகு கட்டிய மாதக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்ப வேண்டும். கேட்காததைத் தர மாட்டார்கள்.

ஆதாரம் சேருங்கள். ஒவ்வொரு அறையிலும் நின்று போன் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நேரத்தோடு. அவர்கள் வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போட்டு அதையும் எடுங்கள். கட் ஆன அழைப்புகளைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அந்த "தீர்க்கப்பட்டது" எஸ்எம்எஸ்ஸை அழித்துவிடாதீர்கள், அது உங்களுக்குச் சாதகமான சாட்சி.

அதற்கும் சரியான பதில் வராவிட்டால் தொலைத்தொடர்புத் துறை ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்), எல்லாரும் டிஐஓ என்று சொல்வது. 1993லிருந்து இருக்கிறது, நமக்குச் செலவே இல்லை. எண் 1800 062 058. புகார் அங்கே போனால் கம்பெனிக்கு அனுப்பி, பொதுவாக 10 வேலை நாள் கொடுப்பார்கள். இந்த அமைப்பு நடக்கும் செலவைக் கம்பெனிகளே ஏற்கின்றன, புகார் மேலே மேலே போகப்போக அவர்களுக்குக் கட்டணமும் கூடும். அதனால்தான் டிஐஓ எண் வந்ததும் கம்பெனியில் வேறு ஒரு குழு உங்களைக் கூப்பிடும், அவர்களிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கும்.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மா, இங்கிலீஷ் தடுமாறும் யாராக இருந்தாலும் 131 450 எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

டிஐஓவால் ஒன்று முடியாது. டவர் கட்டச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பணமும் ஒப்பந்தமும்தான் அவர்கள் கையில். இதைத் தெரிந்துகொண்டே போங்கள்.

#10 வரவுசெலவு_தோழி | டவுன்ஸ்வில்

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் என் வேலையில் மனதைப் பிசைவது இதுதான். சிக்னலே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கும் போனும் ப்ளானும் விற்றிருக்கிறார்கள். 2021இல் 108 பழங்குடி வாடிக்கையாளர்களுக்குக் கட்ட முடியாத ஒப்பந்தங்களைத் தலையில் கட்டியதற்காக டெல்ஸ்ட்ராவுக்கு நீதிமன்றம் 5 கோடி டாலர் அபராதம் போட்டது. 2025இல் ஆப்டஸுக்கு 10 கோடி டாலர். அந்த வழக்கில் 400க்கும் மேற்பட்டவர்கள், மவுண்ட் ஐசா, டார்வின் கடைகள் உட்பட. சிலர் வீடு இருக்கும் இடத்தில் ஆப்டஸ் கவரேஜே கிடையாது, அதைப் பார்க்காமலே விற்றார்கள். கடனை வசூலிக்க ஆளும் அனுப்பினார்கள். ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாதவர்கள், கையெழுத்து எதற்கு என்று புரியாதவர்கள். வழக்கு முடிந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இப்படி யாராவது உங்கள் ஊரில் இருந்தால் இலவச ஆலோசகரிடம் அனுப்புங்கள்.

#11 திராட்சைத்தோட்டம் | கிரிஃபித்

அக்கா, மிக்க நன்றி. இன்றைக்கே எழுதுகிறேன். இன்டர்நெட் விஷயத்தில் என்ன செய்வது? கம்பெனியைக் கேட்டால் "அது என்பிஎன் பிரச்சினை" என்கிறார்கள். என்பிஎன்னைக் கூப்பிட்டால் "உங்கள் கம்பெனியிடம் பேசுங்கள்" என்கிறார்கள்.

#12 டவர்_இறங்கியவன் | பெண்டிகோ

பில் அனுப்புகிறவன்தான் பொறுப்பு. என்பிஎன் மொத்த வியாபாரி, அவர்களோடு உங்களுக்கு ஒப்பந்தம் இல்லை. எத்தனை முறை தள்ளிவிட்டாலும் புகாரைக் கம்பெனி பெயரிலேயே கொடுங்கள், டிஐஓவிலும் அப்படியே. தேவையானால் என்பிஎன்னை டிஐஓவே உள்ளே இழுக்கும்.

சாயங்காலம் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் டவரில் கூட்டம். ஃபிக்ஸட் வயர்லெஸ்ஸில் ஒரு டவரின் ஒரு பக்கத்தை அந்தத் திசையில் இருக்கிற வீடுகள் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2022இல் 75 கோடி டாலர் செலவில் இதை மேம்படுத்தும் வேலை தொடங்கியது, அதில் 48 கோடி அரசுப் பணம். அதனால் நிறைய இடத்தில் நிஜமாகவே வேகம் கூடியது. முன்பு சாட்டிலைட் மட்டுமே கிடைத்த பல வீடுகள் இப்போது ஃபிக்ஸட் வயர்லெஸ் எல்லைக்குள் வந்திருக்கின்றன. உங்கள் கூரையில் இருக்கும் பெட்டி பழைய மாடலா என்று கேளுங்கள். பழசாக இருந்தால் மாற்றித் தரச் சொல்லலாம்.

வேகம் அளக்கும்போது வைஃபையில் அளக்காதீர்கள். லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் போட்டு இணைத்து, காலை, மதியம், இரவு மூன்று நேரமும் அளந்து சேமியுங்கள். "உங்கள் வைஃபை சரியில்லை" என்று சொல்ல வாய்ப்பே கொடுக்கக் கூடாது.

என்பிஎன்னின் சாட்டிலைட் இன்டர்நெட்டான ஸ்கை மஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு: அந்தச் சாட்டிலைட் இரண்டும் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. சிக்னல் போய் வரவே அரை விநாடிக்கு மேல் ஆகும், அதனால் பேசும்போது ஒருவர் மேல் ஒருவர் பேசுவது மாதிரி ஆகிவிடும். யார் வந்து பழுது பார்த்தாலும் அந்தத் தாமதம் போகாது. ஸ்டார்லிங்க் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் அந்தத் தொல்லை இல்லை. பண்ணைக்காரர்கள் அங்கே ஓடுவதற்கு இதுதான் காரணம். என்பிஎன்னும் ஸ்கை மஸ்டருக்குப் பதிலாக அமேசானின் தாழ்வான சாட்டிலைட்டுகளைக் கொண்டுவரப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது.

சட்டப்படி என்பிஎன் நாடு முழுக்க எந்த வீடு கேட்டாலும் குறைந்தது டவுன்லோடுக்கு 25, அப்லோடுக்கு 5 மெகாபிட் வேகம் தரக்கூடிய இணைப்புக்கு வழி செய்ய வேண்டும். 2020 ஜூலை 1 முதல் இந்த விதி இருக்கிறது. மொபைலுக்கு இதுபோல ஒரு கடமை இதுவரை கிடையாது.

#13 வெளிநோயாளி_அக்கா | நியூ சவுத் வேல்ஸ் மேற்கு

ட்யூட்டி முடிந்தது. தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள்.

000 வேறு கம்பெனி டவரில் போகும் என்று மேலே சொன்னார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் 2023 நவம்பர் 8 அன்று ஆப்டஸ் நாடு முழுக்க விழுந்தபோது 2,145 பேருக்கு 000 கிடைக்கவில்லை. 2025 செப்டம்பர் 18 அன்று ஒரு ஃபயர்வால் மாற்றத்தில் மறுபடி நடந்தது, 455 அழைப்புகள் போய்ச் சேரவில்லை. தெற்கு, மேற்கு ஆஸ்திரேலியா, வடக்குப் பிரதேசம், எங்கள் மாநிலத்தின் மேற்குக் கோடி. உயிர்கள் போயின. அதைப் படித்த அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை, ஏனென்றால் அந்த அழைப்புகளின் மறுமுனையில் நிற்கிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

என்ஜினியர் அண்ணா, டவர் வேலை செய்யாவிட்டால் போன் அடுத்த கம்பெனிக்குத் தாவ வேண்டியதுதானே, ஏன் தாவவில்லை?

தம்பிக்கு நான் சொல்வது: உங்கள் மகப்பேறு கிளினிக்கில் உங்கள் மொபைல் எண்ணோடு பக்கத்து வீட்டு எண்ணையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். வைஃபை காலிங் உங்கள் நம்பரிலேயே வரும் என்றாலும் ஒன்று போதாது. லேண்ட்லைன் கேளுங்கள். எல்லாருக்கும் நியாயமான முறையில் சாதாரண டெலிபோன் கிடைக்கச் செய்வது டெல்ஸ்ட்ராவின் சட்டக் கடமை, வாடகை வீடு, பண்ணை வீடு என்ற பேதம் இல்லை. வீட்டில் உயிருக்கு ஆபத்தான நோய் உள்ளவர் இருந்தால் பிரயாரிட்டி அசிஸ்டன்ஸ் என்று இருக்கிறது, பழுது ஏற்பட்டால் முன்னுரிமை கொடுத்துச் சரிசெய்வார்கள். டாக்டரிடம் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். உங்கள் நிலைமைக்கு அது பொருந்துமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

#14 டவர்_இறங்கியவன் | பெண்டிகோ

அக்கா, டவர் முழுசாகச் செத்தால் போன் தாவும். டவர் ரேடியோ அலையை அனுப்பிக்கொண்டே இருந்து, பின்னால் இருக்கிற நெட்வொர்க் மட்டும் உடைந்திருந்தால், போன் "எனக்கு டவர் இருக்கிறது" என்று அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பின்னால் தொடர்பு அறுந்தால் டவர் தானாக அலையை நிறுத்திக்கொள்ள வேண்டும். 2023இல் ஆப்டஸின் சில 3ஜி டவர்கள் அதைச் செய்யவில்லை. ஆகவே 000 போகாவிட்டால், போனில் நெட்வொர்க்கைக் கையால் மாற்றிப் பாருங்கள், அல்லது சிம்மைக் கழற்றிவிட்டு மறுபடி 000 அடியுங்கள். வேறு கம்பெனி டவர் அருகில் இருந்தால் அது வழியாகப் போக வாய்ப்பு இருக்கிறது.

கரண்ட் போவது பற்றி முதலில் எழுதியிருந்தீர்கள், டவர் பேட்டரி பற்றியும் சொல்கிறேன். சாதாரண டவரில் கரண்ட் போனால் சில மணி நேரம்தான் தாங்கும். 2019-20 கோடைக் காட்டுத்தீயில் 1,390 தொலைத்தொடர்பு நிலையங்கள் பாதிக்கப்பட்டதாக ஒழுங்குமுறை ஆணையமான ஏசிஎம்ஏ கணக்கெடுத்தது. அதில் தீ நேராகத் தொட்டது ஒரு சதவீதம் அளவில்தான். மிச்சத்தில் பெரும்பகுதி கரண்ட் போனதால் அணைந்தது. பெரிய பேட்டரியும் ஜெனரேட்டரும் வைத்திருந்தால் எத்தனையோ ஊர்களுக்கு "கிளம்புங்கள்" என்ற எச்சரிக்கை போயிருக்கும்.

#15 ஸ்வான்_ஆறு | பெர்த்

அந்த ஒரு சதவீதக் கணக்கு எனக்குத் தெரியாது. பேட்டரிக்காக அரசு காசு கொடுப்பதை நான் எதிர்க்கவே மாட்டேன், அது டவர் கட்டுவதை விட மலிவு. ஆனால் கட்டாய ரோமிங் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. கட்டுகிறவனுக்கு லாபம் இல்லையென்றால் அடுத்த டவரை யார் கட்டுவார்கள் என்ற கேள்விக்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை. நேராகப் போனுக்கே வரும் சாட்டிலைட் சேவை அந்தக் கேள்வியைத் தேவையில்லாமல் ஆக்கிவிடும் என்று நம்புகிறேன்.

#16 லொறிக்காரன்_72 | அடிலெய்ட்

அந்தச் சாட்டிலைட் மெசேஜ் 2025 ஜூனில் டெல்ஸ்ட்ரா தொடங்கினது. வானம் தெரிகிற இடத்தில் நின்றால் எஸ்எம்எஸ் போகும், வரும். மனிசிக்கு "நல்லா இருக்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பக் கிடைப்பதே பெரிய நிம்மதி, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதில் கதைக்க ஏலாது. போனும் புது மாடலாக இருக்க வேணும். எல்லாக் கம்பெனியும் வெளியிடங்களில் எஸ்எம்எஸ்ஸும் குரலும் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப்போவதாக அரசு 2025 பெப்ரவரியில் சொன்னது. 2027 கடைசியில்தான் தொடக்கமாம். அதுவரைக்கும் இந்த ரோட்டில் ஓடுகிறவர்கள் என்ன செய்கிறது? நான் இரண்டு கம்பெனி சிம் வைத்திருக்கிறேன், அவசரத்துக்குச் சாட்டிலைட் கருவி ஒன்றும் வைத்திருக்கிறேன். எல்லாம் என் சொந்தக் காசு.

#17 திராட்சைத்தோட்டம் | கிரிஃபித் (சில வாரங்கள் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன். எழுத்தில் புகார் கொடுத்தேன். "வரைபடப்படி கவரேஜ் உண்டு" என்றே மறுபடி பதில் வந்தது. டிஐஓவுக்குப் போனேன். அக்கா சொன்ன மாதிரியே வேறொரு குழுவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார், என் ஸ்கிரீன்ஷாட்டுகளை முதல்முறையாக ஒருவர் திறந்து பார்த்திருக்கிறார் என்று பேச்சிலேயே தெரிந்தது. கட்டணம் இல்லாமல் ஒப்பந்தத்தை விட்டு விடுவிக்கிறோம், போனைத் திரும்ப அனுப்புங்கள், சில மாதக் கட்டணம் திரும்ப வரும் என்றார். எங்கள் ரோட்டில் டவர் வருமா என்று கேட்டதற்கு, திட்டம் எதுவும் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார்.

கூரைப் பெட்டி பழைய மாடல்தான். மாற்றிவிட்டார்கள். இப்போது இரவிலும் வீடியோ கால் ஓடுகிறது, அதனால் வைஃபை காலிங்கும் கட் ஆகாமல் வேலை செய்கிறது. லேண்ட்லைனுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம். சிக்னல் பூஸ்டர் வைக்கலாம் என்று பார்த்தால் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மாடல் ஆயிரம் டாலரை ஒட்டி வருகிறது, கூரையில் ஆன்டெனா மாட்ட வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும். அவரிடம் கேட்டிருக்கிறேன். அவருக்கும் இதே பிரச்சினைதான், பம்ப் ஷெட்டில் இருந்து யாரையும் கூப்பிட முடியவில்லை என்கிறார். இந்த ரோட்டில் இருக்கிற பண்ணைக்காரர்கள் எல்லாரிடமும் ஸ்கிரீன்ஷாட் வாங்கி, கவுன்சிலுக்கும் எம்பிக்கும் ஒன்றாகக் கொடுக்கப்போகிறோம்.

இனி வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்ற வேண்டும். நாளைக்கே மாற்றிவிடட்டுமா?

#18 வரவுசெலவு_தோழி | டவுன்ஸ்வில்

பொறுங்கள் தம்பி, நாளைக்கு வேண்டாம். விடுவிக்கிறோம் என்று அவர் போனில் சொன்னதை மெயிலில் வாங்குங்கள், தவணை ரத்து, திரும்ப வரும் தொகை, போனைத் திரும்ப அனுப்பும் முறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் நம்பரை மாற்றினால் சிஸ்டம் நீங்களாகவே விலகியதாக எடுத்துக்கொண்டு மீதித் தவணை முழுவதையும் ஒரே பில்லில் அனுப்பும். பணம் கணக்கில் வந்து சேரும்வரை டிஐஓ புகாரையும் மூடச் சம்மதிக்காதீர்கள்.

எம்பிக்குக் கொடுக்கும் கடிதத்தில் ஒவ்வொரு வீட்டின் டிஐஓ எண்ணையும் போடுங்கள். இன்னும் புகார் கொடுக்காத பண்ணைக்காரர்கள் முதலில் கொடுத்துவிட்டு வரட்டும்.

#19 திராட்சைத்தோட்டம் | கிரிஃபித்

சரி அக்கா. மெயில் வரட்டும், அதற்கப்புறம்தான் மாற்றுவேன். பக்கத்துப் பண்ணை பஞ்சாபி அண்ணன் சனிக்கிழமை எல்லாரையும் தன் ஷெட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார், அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவர் புகாரையும் போட்டுவிடுவோம்.